ஊருக்கெல்லாம் ஒரு பெருமூச்சு

சுகந்தியின் கழுத்துச் சங்கிலியை அறுத்தவன் ஓடிப் போகவில்லை. நடந்துதான் போனான். அதுவும் கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவனைப் போல, கையை வீசிக்கொண்டு.

முதல் நாலு எட்டு ஓடத்தான் செய்தான், பாவம். அதற்குள் சுகந்தி, "திருடன், பிடிங்க" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டாள். சாலிக்கிராமத்தில் காய்கறிக் கடை வாசல், காலை நேரத்துக் கூட்டம். கொத்தமல்லிக் கட்டை உதறிக்கொண்டிருந்த கடைக்காரர் உதறுவதை நிறுத்தினார். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தோளைத் தளர்த்திக்கொண்டு நிமிர்ந்தார்கள். முனையில் நின்ற போக்குவரத்துக் காவலர் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, நிதானமாக மூச்சை வெளியே விட்டார். எல்லோரும் சுகந்தியைப் பார்த்துப் பிரியமாகப் புன்னகைத்தார்கள். திருடனும் நின்று, திரும்பி, அதே புன்னகையைப் புன்னகைத்தான். பிறகு சங்கிலியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாவகாசமாகத் தெருமுனை திரும்பிப் போய்விட்டான்.

நல்லவேளை, அது கவரிங் சங்கிலி. அதனால்தான் சுகந்தியால் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வர முடிந்தது.

சுகந்தியின் முகம் ஊரில் யாருக்கும் தெரியாது. குரல் தெரியாதவர்கள் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேலாக டப்பிங் கலைஞர். தமிழ் தெரியாத எத்தனையோ கதாநாயகிகள் அவள் தொண்டையில்தான் காதலித்தார்கள், அழுதார்கள், கடைசிக் காட்சியில் செத்தும் போனார்கள். சீரியல் மாமியாராக இரண்டு பேருக்கு விஷமும் அவள்தான் கொடுத்திருக்கிறாள். இதெல்லாம் பழைய கதை. இப்போது அவளை ஊரே அறிந்தது 'ஆசுவாசம்' என்ற தியானத்தின் குரலாகத்தான்.

தியானம் என்றால் மலையடிவாரத்துக்குப் போய் உட்காருகிற சமாசாரம் இல்லை. மூன்றே நிமிஷம். காதுக்குப் பின்னால் பொட்டு அளவு ஒரு வில்லையை ஒட்டிக்கொள்ள வேண்டும், மணிக்கட்டில் நாடி பார்க்கிற ஒரு பட்டை. கண்ணை மூடினால் முதலில் ஒரு பெருமூச்சு கேட்கும். பிறகு சுகந்தியின் குரல் வரும். தோளைத் தளர்த்துங்கள், பாதம் தரையில் இருப்பதைக் கவனியுங்கள், மூச்சு எங்கே தொட்டுக்கொண்டு உள்ளே போகிறது என்று பாருங்கள். அவ்வளவுதான். பேருந்துப் பணிமனையில் வண்டி எடுக்கும் முன்னால், பள்ளியில் பரீட்சைக்கு முன்னால், நீதிமன்ற வராந்தாவில் வழக்கு அழைக்கும் முன்னால் என்று எல்லா இடத்திலும் ஆசுவாசம் வந்துவிட்டது. நிஜமாகவே நல்லதும் செய்தது. எதிர்வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்த மாத்திரை பாதியாகக் குறைந்தது. தூக்கமே வராத பால் பூத்துக்காரர் குறட்டை விட்டுத் தூங்கினார். சென்னையில் ஹாரன் சத்தம் குறைந்தது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? குறைந்தது.

தன் குரலுக்குத் தனியாக ஒரு சக்தி வந்துவிட்டது என்பதைச் சுகந்தி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கண்டுபிடித்தாள். வில்லையும் வேண்டாம், பட்டையும் வேண்டாம், அவள் வாயெடுத்தால் போதும், எதிரில் இருப்பவர் இளகிவிடுவார். புது பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி அதை வைத்து விளையாடினாள். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதற்குள் அவரே இறங்கி வந்தார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக்காகக் கைகலப்பு ஆகப் போன நேரத்தில், அவள் "ஒரு நிமிஷம்" என்றதும் எல்லோரும் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பிஸ்கட் தட்டை நகர்த்திக் கொடுத்தார்கள். வேண்டுமென்றே விஷம் கொடுத்த மாமியார் குரலில் வாட்ச்மேனை அதட்டிப் பார்த்தாள். அவர் முகம் இன்னும் மலர்ந்தது. கிசுகிசுத்தும் பார்த்தாள், மூக்கால் பேசியும் பார்த்தாள். எந்த வேஷம் போட்டாலும் உடம்புகள் அவளை அடையாளம் கண்டுகொண்டன.

சங்கிலிக் கதையைக் கேட்டு அவள் கணவர் பாண்டுரங்கன் வயிறு குலுங்கச் சிரித்தார். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். ஊரிலிருக்கிற லிஃப்டுகள் எல்லாம் அவர் கை பட்டால் ஓடும், வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் வருஷக்கணக்காக ஒழுகிக்கொண்டிருக்கும். அந்தக் குழாய்க்காக அவர்கள் போட்ட சண்டைக்குக் கணக்கே இல்லை. "திருடனையே தியானம் பண்ண வெச்சுட்டியே" என்று அன்று முழுக்கக் கேலி செய்துகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மின்சாரம் போனது. வீடு நாலாவது மாடி. வாழ்நாள் முழுக்க லிஃப்டிலேயே ஏறி இறங்கின மனிதர் அன்றைக்குப் படியேறினார். மூன்றாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். சுகந்தி கீழே இறங்கிப் போய்ப் பார்த்தபோது சட்டை தொப்பலாக நனைந்து, முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். இதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்திருக்கின்றன, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும், இந்த மாசம் தாண்டக் கூடாது. அடுத்த தடவை படியில் உட்கார நேரம் கிடைக்காமல் போகலாம் என்றும் சொன்னார்.

டாக்டர் முன்னால் ரங்கன் முகத்தில் ஈயாடவில்லை. சுகந்திக்கு அது ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. பயந்துவிட்டார், ஒப்புக்கொண்டுவிடுவார் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் நாற்காலியில் சாய்ந்து, "நீ என்ன சொல்ற சுகந்தி?" என்று கேட்டார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். தேதி கேட்டு வாங்கிவிடலாம், எல்லாம் யோசித்துக்கொண்டிருக்க இது நேரமில்லை என்று இரண்டு வாக்கியம்தான் சொல்லியிருப்பாள். ரங்கனின் கண் தானாக மூடியது. தோள் இறங்கியது. உதட்டில் அந்தப் புன்னகை வந்தது, காய்கறிக் கடைக்காரரும் காவலரும் திருடனும் புன்னகைத்த அதே புன்னகை. "சரிம்மா, பாக்கலாம்" என்றார். கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அது அவருக்கு எப்போதும் உள்ள பழக்கம்தான்.

டாக்டர் பாடுபட்டு ஏற்றிய பயத்தைத் தன் குரல் ஒரே நொடியில் துடைத்துப் போட்டுவிட்டது என்பது சுகந்திக்குப் புரிந்தது.

மறுபடி மறுபடி முயற்சி செய்தாள். அழுதுகொண்டே சொன்னாள். கோபமாகச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அதே சாய்வு, அதே புன்னகை, அதே "பாக்கலாம்". போனில் எழுதி அனுப்பினாள். படித்துவிட்டு அவர், "எழுத்துல என்ன இருக்கு, வாயால சொல்லு" என்றார். சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டார்.

புனேயில் வேலை பார்த்தாலும் தினமும் ஆசுவாசம் கேட்கிற மகன் தருணுக்கும் விஷயத்தை எழுதித்தான் அனுப்பினாள். அலறியடித்துக்கொண்டு உடனே கூப்பிட்டான். குரல் நடுங்க, "அம்மா, அப்பாவுக்கு என்னம்மா" என்று அவன் கேட்டபோது அவளுக்கு ஏனோ கொஞ்சம் தைரியம் வந்தது. இந்த வீட்டில் பயப்பட இன்னொரு ஆள் இருக்கிறான் என்ற தைரியம். அவசரத்தில் வாயைத் திறந்து பதில் சொல்லிவிட்டாள். மறுமுனையில் பிள்ளையின் மூச்சு நீளமாக வெளியே போவது கேட்டது. "சரிம்மா. எல்லாம் நல்லபடியா நடக்கும். லீவு கிடைச்சா வரேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பெற்ற பிள்ளையிடம் கூட ஒரு கஷ்டத்தைச் சொல்ல வாயில்லாமல் போனதை நினைத்து அன்றைக்கு அவள் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலையிலேயே ஆசுவாசம் கம்பெனிக்குக் கிளம்பினாள். போகிற வழியில் மெட்ரோ ரயில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் நின்றது. ஒலிபெருக்கியில் அவளுடைய பெருமூச்சே வந்தது, தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று அவள் குரலே சொன்னது. பெட்டி முழுக்கத் தோள்கள் இறங்கின. எதிர் ஸீட்டில் ஒரு பெண் கையில் நேர்முகத் தேர்வுக்கான ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் முன்னால் வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவள் இப்போது நேரம் போவதைப் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் ஏன் நின்றது என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. கத்தினால் மட்டும் ரயில் கிளம்பிவிடுமா என்று சுகந்தி தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் ஆகவில்லை.

ஃபரீத்தான் அவளை ரெக்கார்டிங் செய்தவன். ஒலியும் உடம்பும் இரண்டும் படித்த இன்ஜினீயர். அவள் அறைக்குள் நுழைந்ததும் அவசரமாகக் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு டேப்லெட்டை அவள் பக்கம் தள்ளினான்.

"மேடம், நீங்க டைப் பண்ணுங்க, நான் பேசறேன். உங்க குரலைக் கேட்டா எனக்கும் வேலை ஓடாது. நான்தானே முதல்ல போட்டுப் பார்த்தேன்."

சுகந்தி டைப் செய்தாள். எல்லாவற்றையும் எழுதினாள். படித்து முடித்தபோது ஃபரீத் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"அந்த வில்லை இருக்கே மேடம், அது காதுக்குப் பின்னாடி ஒரு நரம்பை லேசாத் தட்டும். தட்டினா இதயம் நிதானமாகும். நாங்க புதுசா செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். உங்க பெருமூச்சு காதுல விழற அதே நொடியில தட்டினோம். தினமும் அப்படியே. மாசக்கணக்குல செஞ்சதும் உடம்பு ரெண்டையும் சேத்து முடிஞ்சு வெச்சுக்கிச்சு. இப்ப தட்டவே வேணாம், மூச்சு போதும்."

திருடன் என்று நான் கத்தினபோது பெருமூச்சு விடவில்லையே என்று அவள் எழுதினாள்.

"விட்டிருப்பீங்க. பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எப்பவும் அது மாதிரி ஒண்ணு விடறீங்க. உங்களுக்கே தெரியாது. அதோட, மூச்சுக்குப் பின்னாலேயே குரலும் வந்து வந்து, குரலையும் உடம்பு கத்துக்கிச்சு."

வேறு யாரையாவது பெருமூச்சு விடச் சொல்லி மாற்றிவிட முடியாதா என்று கேட்டாள். ஃபரீத் தலையைச் சொறிந்தான். அந்தப் பெருமூச்சு அவள் நடித்துக் கொடுத்தது இல்லை என்றான். எத்தனையோ டேக் வாங்கியும் எதுவும் சரியாக அமையவில்லையாம். சாப்பாட்டு இடைவேளையில் மைக்கை அணைக்க அவன் மறந்துவிட்டான். அவள் யாரோடோ போனில் பேசி முடித்துவிட்டு, மைக் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டிருக்கிறாள்.

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்த எனக்கே தோள் இறங்கிடுச்சு மேடம். அதை வெட்டி எடுத்து எல்லாத்துக்கும் முன்னாடி ஒட்டினேன். அந்த மாதிரி ஒண்ணை யாராலயும் வேணும்னு விட முடியாது."

அவளுக்குப் போட்டுக் காட்டினான். இதுவரை அவள் தன் தியானத்தைக் கேட்டதே கிடையாது, சமையல்காரருக்குத் தன் சாப்பாடு இறங்காத மாதிரி. கேட்டாள். நீளமான, களைத்த, சரி போகட்டும் என்று எதையோ கீழே வைக்கிற மூச்சு. தன்னுடையதுதானா என்றே சந்தேகமாக இருந்தது. யாரோடு பேசினோம் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

கேட்காமல் இருந்தால் உடம்பு மறந்துவிடும், ஆனால் ஊரில் கேட்காமல் இருக்க வழியில்லையே என்று ஃபரீத் சொல்லிக்கொண்டே போனான். சுகந்தி குறுக்கே எழுதினாள்: ஒரு மனுஷனுக்குப் பயம் தேவைப்பட்டால் என்ன செய்வது?



"அதை நாங்க யோசிக்கல மேடம்" என்றான் ஃபரீத். மேலிடத்தில் பேசிப் பார்ப்பதாகவும் சொன்னான். அதை அவன் சொன்ன விதத்திலேயே அது நடக்காது என்று தெரிந்தது. வாசல் வரை கூட வந்தான். எதையோ எதிர்பார்ப்பவன் போல அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். விரல்கள் கதவுப் பிடியில் தாளம் போட்டன. "நீங்க இவ்ளோ நேரம் பேசாம இருந்தது என்னமோ மாதிரி இருக்கு மேடம். உள்ளுக்குள்ள படபடன்னு வருது" என்றான்.

சுகந்திக்குப் பொறி தட்டியது அங்கேதான். தன் குரல் பயத்தைத் துடைக்கிறதென்றால், குரல் இல்லாமல் போனால் ரங்கனுக்கும் அந்தப் படபடப்பு வந்துதானே ஆக வேண்டும். வீட்டுக்குப் போகிற வழியில் ரயில் பெட்டியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அன்று முழுக்க வாயைத் திறக்காமல் இருந்ததை முதல் தடவையாகக் கவனித்துப் பார்த்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து ரங்கனோடு பேச்சை நிறுத்தினாள்.

புருஷன் பெண்டாட்டி பேசாமல் இருப்பது நம் வீடுகளில் அதிசயம் இல்லை. அடுத்த காப்பி வரைக்கும் தாங்கும், மிஞ்சிப் போனால் அடுத்த சாப்பாடு வரைக்கும். ரங்கன் முதலில் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தாள். ஜோக்கடித்துப் பார்த்தார். ஆபீஸ் புரளி சொல்லிப் பார்த்தார். அவள் சாப்பாடு போட்டாள், மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. ஸ்டுடியோவுக்கு லீவு எழுதிப் போட்டாள். கோபமும் இல்லை அந்த முகத்தில். அதுதான் ரங்கனுக்கு ஆகவில்லை. கோபத்தோடு பேசாதவளை எப்படிப் பேச வைப்பது என்று அவருக்குத் தெரியும், இதற்கு வழி தெரியவில்லை.

வீடு அமைதியாக இருக்க இருக்க, சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கூடத்துக்கு வந்தது, பிறகு படுக்கையறைக்கும் வந்தது. ரங்கன் மின்விசிறிக்கு எண்ணெய் போட்டார், அலமாரிக் கதவைச் சரிசெய்தார். சம்பந்தமே இல்லாமல் டிவியைப் போட்டார். ஏதோ பழைய படத்தில் கதாநாயகி மழையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள், சுகந்தியின் குரலில். அவர் சத்தத்தைக் கூட்டினார். சுகந்தி வந்து அணைத்துவிட்டுப் போனாள்.

அவளுக்கும் அது சுலபமாக இல்லை. அவர் பேசிப் பேசி ஓய்ந்து சுவரைப் பார்த்து உட்காரும்போதெல்லாம் அவளுக்கு வாய் வரைக்கும் பேச்சு வந்தது. ஏதாவது ஆகிவிட்டால், கடைசியாக அவரோடு பேசாமலே இருந்தோம் என்று ஆகிவிடுமே என்று பயந்தாள். அந்தப் பயத்தையும் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் கேட்பவர் சந்தோஷமாகத்தான் கேட்பார்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு நாள் காலையில் ரங்கன் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, சின்னப் பையில் துண்டும் லுங்கியும் எடுத்து வைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். முகம் அன்றைக்கு டாக்டர் முன்னால் இருந்த மாதிரியே வெளிறி இருந்தது.

"வா, போலாம். டாக்டர்கிட்ட பேசிட்டேன்" என்றார்.

சுகந்தி தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் எங்கே இந்த மனுஷன் மறுபடியும் நாற்காலியில் சாய்ந்துவிடுவாரோ என்று, தருணுக்குக் கூட எழுத்தில்தான் செய்தி அனுப்பினாள். இந்தத் தடவை அவன் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அவன் பயந்துகொண்டே விமானம் ஏறட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சோதனைகள் எல்லாம் முடிந்தன. ஆபரேஷன் அன்று காலையில், தருணின் விமானம் வந்து சேரும் முன்பே, ரங்கனுக்குப் பச்சை அங்கி மாட்டி, நெஞ்சிலும் கையிலும் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் இதயத் துடிப்பைக் காட்டுகிற மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் இன்னும் நாலைந்து படுக்கைகள், துணைக்கு வந்தவர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற இரண்டு பேர். நர்ஸ் பிரிசில்லா, சுகந்தி யார் என்று தெரிந்துகொண்டதிலிருந்து அவளையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"சாருக்குத் துடிப்பு கொஞ்சம் அதிகமா இருக்கு மேடம். தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு வார்த்தை பேசினீங்கன்னா இறங்கிடும். உங்க குரலுக்கு இறங்காத துடிப்பு ஊர்ல உண்டா?"

சுகந்தி ரங்கனைப் பார்த்தாள். இனி அவர் எங்கே ஓடப் போகிறார்? இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து, அவளை அறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. நீளமான, களைத்த மூச்சு.

கூடம் முழுக்க அந்த மூச்சு போய்த் தொட்டது. பிரிசில்லா சுவரில் சாய்ந்தாள். பக்கத்துப் படுக்கையில் முனகிக்கொண்டிருந்தவர் முனகலை நிறுத்தினார். மூலையில் அழுதுகொண்டிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு மடியில் கை வைத்து உட்கார்ந்தாள்.

ரங்கனின் மானிட்டர் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது.

சுகந்தி திரும்பிப் பார்த்தாள். எண் ஏறிக்கொண்டே போனது. "என்னங்க?" என்றாள். இன்னும் ஏறியது.

"ஏறுதே மேடம்" என்றாள் பிரிசில்லா, தோட்டத்தில் பூ பூத்திருப்பதைச் சொல்வது போல, துளிப் பதற்றம் இல்லாமல்.

ரங்கனோ சாய்ந்தும் படுக்கவில்லை, கண்ணையும் மூடவில்லை, புன்னகைக்கவும் இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். சுகந்தி அவர் முகத்தையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்கு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தபோதும் ஆடிக்கொண்டேயிருந்த அந்தக் கால் கட்டைவிரல் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

"உங்களுக்கு என் குரல் வேலை செய்யலையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு என்னைக்குமே வேலை செஞ்சதில்ல" என்றார் ரங்கன். அசடு வழிந்தது. "எங்க கம்பெனில எல்லாரையும் காலைல கேக்கச் சொன்னாங்க. மாட்டினதும் அந்தப் பெருமூச்சு வந்துது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. பட்டை சிவப்பு காட்டுது. அப்புறம் சத்தத்தை அணைச்சுட்டுச் சும்மா கண்ணை மூடி உக்காந்துடுவேன், தினமும்."

"ஏன்?"

"அது என்கிட்ட பேசிட்டு விட்ட மூச்சும்மா. ரெக்கார்டிங்னு நீ போன அன்னைக்கு, மத்தியானம் போன் பண்ணி குழாயைப் பாத்தீங்களான்னு கேட்ட. நாளைக்குப் பாக்கறேன்னேன். அப்ப விட்ட. வைக்கறதுக்குள்ள எனக்குப் பாதி கேட்டுது. இவ என்னைக் கை கழுவிட்டான்னு தோணும் அந்த மூச்சைக் கேட்டா. ஊரே அதைக் கேட்டுத் தூங்குது. எனக்கு மட்டும் வயித்தைப் பிசையும்."

"அப்ப அந்தச் சிரிப்பு? கண்ணை மூடினது?"

ரங்கன் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். மானிட்டர் இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது.

"பயமா இருந்துது சுகந்தி" என்றார். "நெஞ்சைத் திறப்பாங்கன்னா பயமா இருக்காதா? ஊர்ல எல்லாரும் உன் குரலைக் கேட்டு மயங்கறாங்க, நானும் மயங்கிட்ட மாதிரி இருந்தா நீ விட்டுடுவேன்னு பாத்தேன். நீ பேசற வரைக்கும் நடிக்க முடிஞ்சுது. பேசலேன்னா எதை வெச்சு நடிக்கறது?"

சுகந்திக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த ஊரில் தன் குரலை வெறும் குரலாகக் கேட்கிற ஒரே ஆள் தன் வீட்டிலேயே, தன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். அவரிடம் போய்ப் பேசாமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே கோபம் வந்தது, தலையிலிருந்து கால் வரைக்கும். வாயில் வந்தபடி திட்ட ஆரம்பித்தாள். இருபத்தைந்து வருஷ நடிப்பில் எந்தக் கதாநாயகிக்கும் கொடுக்காத திட்டு. படிக்கட்டில் உட்கார்ந்ததற்கும், பாக்கலாம் என்றதற்கும், பிள்ளையை அழ விடாமல் செய்த தன் குரலுக்கும் சேர்த்துத் திட்டினாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மழைச் சத்தம் கேட்பவர்களைப் போல அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் நன்றாகவே தூங்கிவிட்டார்.

மானிட்டரைப் பார்த்துப் பயந்துபோய் அவளே நிறுத்தினாள். ரங்கனின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தாள். வெகு நேரத்துக்குப் பிறகு எண் இறங்க ஆரம்பித்தது. கொஞ்சம் தெளிந்த பிரிசில்லா வந்து பார்த்து, இது போதும் மேடம், கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் தியேட்டர் மேல் மாடியில். லிஃப்ட் வாசல் வரைக்கும்தான் அவள் வரலாம். அங்கே ரங்கன் அவள் கையை விடவில்லை.

"ஏதாவது பேசேன்" என்றார்.

"துடிப்பு ஏறிடும்."

"கொஞ்சம் ஏறட்டும். நீ திட்டினாத்தான் திரும்பி வரணும்னு தோணுது."

சுகந்தி குனிந்து அவர் காதருகில் சொன்னாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொல்ல நினைத்தாள், ஆனால் தொழில் புத்தி, ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வெளியே வந்தது. "வீட்டுக்கு வந்து அந்தக் குழாயைச் சரி பண்ணாம உங்களை விட மாட்டேன். ஞாபகம் வெச்சுக்குங்க."

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற இரண்டு பேரும் அதைக் கேட்டுவிட்டார்கள். தோளைத் தளர்த்திக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு, மூடியிருந்த லிஃப்ட் கதவின் முன்னால் அப்படியே நின்றார்கள். எங்கே போக வேண்டும், எதற்கு நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லை. சுகந்தி பதறி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொன்னால் இன்னும் மோசமாகும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ரங்கன் அவர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்தில் பயம் அப்படியே இருந்தது. படுத்தபடியே, ஒயர் தொங்குகிற கையைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்து, சுவரில் இருந்த பொத்தானைத் தானே எட்டி அழுத்தினார்.